உடல் உதவி செய்யாது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. மேசைக்கு வரும் பாகத்தை அளந்து, பட்டியலில் டிக் அடித்து, பச்சை அட்டையோ சிவப்பு அட்டையோ கட்டி அனுப்ப வேண்டும். முப்பத்தொன்றாவது வயதில் அதை விட்டுவிட்டு நர்ஸிங் பள்ளியில் சேர்ந்தேன். ஏன் என்று கேட்பவர்களுக்காக மூன்று பதில்கள் வைத்திருந்தேன். ஆளைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன். யாரிடமும் சொல்லாத நாலாவது, நான் அளக்கும் பொருள் ஒருமுறையாவது என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது.

வகுப்பில் எல்லாருக்கும் பதினெட்டு வயது. நான் அக்கா. டியூட்டர் மேடத்துக்கே என்னைவிட ஐந்து வயது குறைவு. மற்றவர்களை வா, போ என்பவர் என்னிடம் மட்டும் ‘நீங்க’ போட்டுப் பேசுவார்.

முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கையை உறுதி செய்வார்கள். நாலாவது மாதம் ஆண்கள் வார்டில் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஒருவர் இறந்துபோனார். டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனபின், இறந்தவரைத் துடைத்து, உடுத்தி, வீட்டாரிடம் ஒப்படைக்கும் வேலை நர்ஸுகளுடையது. லாஸ்ட் ஆஃபீஸ் என்பார்கள். ஸ்டாஃப் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சில்லென்று இருக்கும் என்று தயாராகத்தான் பிடித்தேன். சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை. என் கை என்ன சூட்டில் இருந்ததோ அதே சூடு. விட்டுவிட்டேன். அந்தக் கை கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதி ஓசை எழுப்பியது. திரையைச் சரியாக மூடியிருக்கவில்லை. அவருடைய மனைவி பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் தாண்டி நடந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மேடம் அழைத்தார். “உங்க தியரி மார்க்கெல்லாம் நல்லாதான் இருக்கு. ஆனா நேத்து நடந்தத நான் எழுதி வச்சுதான் ஆகணும். ஆறு மாசம் முடியறதுக்குள்ள ஒரு லாஸ்ட் ஆஃபீஸ் முழுசா செஞ்சு காட்டுங்க. பக்கத்துல நின்னு நானே மார்க் போடறேன். இல்லன்னா…”

இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பழைய வேலையில் என் நாற்காலிக்கு ஆள் வந்தாகிவிட்டது. கையில் இரண்டு மாதம் இருந்தது.

இருபத்திரண்டு படிகளை எழுதி மனப்பாடம் செய்தேன். திருநின்றவூரிலிருந்து ஆவடிவரை ரயிலில் தினமும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். லேபில் பொம்மையை வைத்துப் பழகலாம் என்றால், அதற்குக் கழுத்துத் திருகாணி போயிருந்தது. யாரோ கூப்பிட்டதுபோல் தலை ஒரு பக்கமாகவே திரும்பி நின்றது. யாராவது ஒருத்தர் படுங்கள் என்றார் மேடம்.

“ஐயோ, நான் மாட்டேன் மேம். எங்கம்மாக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க” என்றாள் பூந்தமல்லியிலிருந்து வரும் சின்னப் பெண்.

“கொன்னா நல்லதுதான்டி. அப்புறம் நடிக்கவே வேணாம்” என்றாள் வேப்பம்பட்டிலிருந்து வரும் உயரமானவள்.

நான் படுக்கிறேன் என்றேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது. எதைப் பார்த்து ஓடினேனோ அதன் இடத்தில் ஒருமுறை இருந்து பார்த்துவிட்டால், அதற்குமேல் பயப்பட ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

முதல்முறை திருப்பியபோதே மேடம் நிறுத்தினார். “நீங்களே திரும்பறீங்க. பாடி உதவி செய்யாது. விட்டுடுங்க.”

மூன்று தடவை ஆயிற்று. தோளை விட்டேன், கழுத்தை விட்டேன். விரல்கள் நான் விட்டபிறகும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியாக நாக்கை விட்டேன். அதுவரை அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது.

ஈரப் பஞ்சை இமைகளின்மேல் வைத்தார்கள். “அக்கா, கண்ணு எரியுதாக்கா?” “அக்கா, சிரிக்காதீங்கக்கா, எனக்கும் சிரிப்பு வருது.” பிறகு தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் வராததால் கேள்வியும் நின்றது.

“ஏய், தலைய தூக்கு.”

“யார் தலைய?”

“பாடி தலையதான்டி. அதோட கைய அந்தாண்ட போடு.”

கிண்டல் இல்லை. இருவரும் வேலையை நன்றாகத்தான் செய்தார்கள். மதியத்துக்கு மெஸ்ஸில் சாம்பார் சாதமா புளிசாதமா என்று எனக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். கத்தரிக்கோல் எங்கே என்று ஒருத்தி தேட, “இதோ, இதுமேலயே இருக்கு பாரு” என்று என் மார்பிலிருந்து மற்றவள் எடுத்துக் கொடுத்தாள். அங்கே எப்போது வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் சேர்த்துக் கட்டினார்கள். மணிக்கட்டில் சீட்டு. முகத்தின்மேல் வெள்ளைத் துணி. “குட்” என்றார் மேடம். ஆபீஸிலிருந்து யாரோ வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. செருப்புகள் எல்லாம் ஒரே திசையில் ஓடின.

கை கட்டப்பட்டிருக்கவில்லை. எழுந்து அவிழ்த்துக்கொள்ள அரை நிமிடம் போதும். ஆனால் எழவில்லை. துணிக்குள் வெளிச்சம் பால்போல இருந்தது. நான் விட்ட மூச்சு துணியில் பட்டு என் முகத்துக்கே திரும்பி வந்தது. துணி அசையாதபடி மூச்சு விட முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. எத்தனை சுலபமாக முடிந்தது என்பதுதான் பிற்பாடு பலநாள் என்னைத் தொந்தரவு செய்தது.

வாளி வைக்கும் சத்தம். லேபைத் துடைக்கும் ஆயா.

“யாரது?”

மூடிய வாய்க்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தேன். ஆயா அலறவில்லை. துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தாடைக்கட்டை அவிழ்த்தார்.

“இன்னாமா நீ, இப்டி படுத்துகினு கீற? புள்ளைங்க போயி எவ்ளோ நேரமாவுது.”

“கால்ல மட்டும் அவுத்து விடுங்க ஆயா.”

கால்மாட்டுக்குப் போனவர் கட்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். “இத நான் தொட மாட்டேன். இத சுடுகாட்லதான் அவுப்பாங்க. கட்டினவளுங்களே வந்து அவுக்கட்டும்.”

நானே குனிந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீயும் தொடாத. தன் கால்கட்ட தானே அவுத்துகினவன் எவனாச்சும் கீறானா?” சன்னலுக்குப் போய் மெஸ் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய் பொண்ணுங்களா! ஒருத்திய சாவடிச்சு போட்டுட்டு சோறு துன்னுகினு கீறீங்களா? வாங்கடி இங்க!”

சின்னவள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து இடது கையால் முடிச்சோடு மல்லாடினாள். “சாரிக்கா. மறந்தே போச்சுக்கா. சாரி.” அக்கா என்று மறுபடி சொல்ல ஆரம்பித்துவிட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலைந்து நாள் இருவருமே பார்க்கவில்லை.

மணிக்கட்டுச் சீட்டைக் கழற்றி யூனிஃபார்ம் பையில் போட்டதை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது என் கணவரின் வேலை. மெஷினில் போடுமுன் பைகளைத் துழாவுவார்.

“என்னது இது?”

“ப்ராக்டிஸ் சீட்டு.”

“உன் பேர் போட்டிருக்கு.”

“என்மேலதான் ப்ராக்டிஸ் பண்ணாங்க.”

பெயர், வயது 31, பெண், இறந்த நேரம் 11.40. அவர் இரண்டுமுறை படித்தார். “எழுத்து அழகா இருக்கு” என்றார். அதற்குமேல் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிழிக்கலாம், எரிக்கலாம், குப்பையில் போடலாம், ஏரியில் விடலாம். மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எதைச் செய்தாலும் சடங்கு செய்வதுபோல் இருந்தது. கடைசியில் அவரே அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன்மேல் கேஸ் சிலிண்டர் புத்தகத்தை வைத்தார்.

திங்கட்கிழமை மதியம் போனை எடுத்துப் பார்த்தேன். 11.40க்கு அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால். செவ்வாயும் அதே நேரம். புதனும். என்ன விஷயம் என்று கேட்டேன். “சும்மாதான். டீ டைம்” என்றார். அவருடைய கம்பெனியில் டீ பத்தரைக்கு. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஆறாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, பெண்கள் வார்டில் ஓர் அம்மா இறந்தார். ஐம்பது வயதிருக்கும். ஈசிஜி எடுத்து, டாக்டர் எழுதியாகிவிட்டது. மேடம் மார்க் தாளோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எனக்குத் துணை, உயரமானவள். திரைக்கு வெளியே அந்த அம்மாவின் மகள். என் வயதுதான் இருக்கும்.

கை சூடாகத்தான் இருந்தது. பிடித்துக்கொண்டேன். ஊசியையும் குழாயையும் எடுத்தோம். ஒவ்வொன்றையும் செய்யுமுன் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்தேன். “அம்மா, முகம் துடைக்கறேன்.” “அம்மா, இந்தப் பக்கமா திருப்பறோம்.” முதுகைத் துடைக்கத் திருப்பியபோது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாழ்ந்த, நீண்ட சத்தம். தூக்கத்தில் எழுப்பினால் வருவதுபோல.

உயரமானவள் கையை எடுத்துவிட்டாள். முழுப் பாரமும் என்மேல் சாய்ந்தது. வெளியே மகளின் குரல்.

“அம்மா?” பிறகு சத்தமாக, “சிஸ்டர்! எங்கம்மா முனகுனாங்க, எனக்குக் கேட்டுச்சு! உசுரு கீது சிஸ்டர், டாக்டர கூப்டுங்க!”

என் இருபத்திரண்டு படிகளில் இது எங்கும் இல்லை. மேடம் உயரமானவளை டியூட்டி டாக்டரிடம் அனுப்பினார். அதற்குப்பின் அவர் அசையவில்லை. பேனாவைத் தாளின்மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் போவேன் என்று பார்க்கிறார் என்று புரிந்தது. அந்த அம்மாவை மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்து, மார்புவரை போர்த்தி, திரையைத் திறந்தேன்.

“நெஞ்சுல மிச்சமிருந்த காத்துங்க. திருப்பும்போது வெளிய வந்துச்சு.”

“நீங்க டாக்டரா?”

“இல்ல. படிக்கறேன்.”

“அப்ப உங்களுக்கு எப்டி தெரியும்?”

“உள்ள வாங்க. சேந்தே பாக்கலாம்.”

அவருடைய கையைத் தாயின் மார்பில் வைத்தேன். என் விரல்களைக் கழுத்தில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். கூர்ந்து கேட்பதற்காக அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். “நீங்க மூச்சு விடுங்க” என்றேன். ஒரு முழு நிமிடம் போனது.

“இல்லம்மா.”

“இன்னொரு வாட்டி.”

மறுபடி பார்த்தேன். பத்துப் பதினைந்து நொடியில் விரல் நுனியில் துடிப்பு வந்தது. மெலிதாக, ஒழுங்காக. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும், அவர் வாய் திறந்தது. இருக்கிறது என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்குவரை வந்துவிட்டது. அழுத்திப் பிடித்தால் பிடிப்பவரின் நாடியே விரலில் கேட்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் துடிப்புக்கு அடியில் ஒரு கழுத்து இருந்தது, சூடாக. இடது கையை மேடத்திடம் நீட்டி, “என் பல்ஸ சத்தமா எண்ணுங்க மேடம்” என்றேன். அவர் அருகே வந்து பிடித்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. என் விரல் நுனியில் இருந்ததும் அதே ஒன்று, அதே இரண்டு, அதே மூன்று.

“இல்லம்மா” என்றேன். “அது என்னோடது.”

மகள் தாயின் மார்பிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வாய் தொறந்துகினு கீது. அத மூடுங்க” என்றார். தலையை அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கட்டினேன். டாக்டர் வந்தபோது நாங்கள் இருவரும் கூந்தலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னொரு ஈசிஜி எடுத்து, நேர்கோட்டை மகளிடம் காட்டிவிட்டுப் போனார்.

மேடம் தாளைக் கட்டிலின் விளிம்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மார்க் குறைத்திருந்தார். மறுவாரம் உறுதி செய்யப்பட்டவர்களின் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

இப்போது தினமும் முப்பது பேருக்கு நாடி பார்க்கிறேன். யார் கையைப் பிடித்தாலும் முதலில் கேட்பது என்னுடையதுதான். எது யாருடையது என்று பிரித்துக்கொண்டபிறகே எண்ணத் தொடங்குகிறேன். சில நாட்களில் அதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.