கண்ணில் பட்ட ஷாம்பு

அந்த அழகு நிலையத்தில் அவளுக்குச் 'சிரிச்ச மூஞ்சி அக்கா' என்று பெயர். தலை கழுவிவிடுவதுதான் வேலை. தொட்டியில் கழுத்தைச் சாய்த்து வெந்நீர் ஊற்றினால் சில பெண்கள் ஏனோ அழுதுவிடுவார்கள். "கண்ணுல ஷாம்பு பட்டுடுச்சா?" என்று துண்டை நீட்ட வேண்டும்; காரணம் கேட்கக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம்.

வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. அவரைத் துடைத்துவிட்டு, புருஷனுக்கும் மகளுக்கும் டப்பா கட்டிவிட்டு ஓடிவருவாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரிப்பை மாட்டிக்கொள்வாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் யார் கடைக்கு வருவார்கள்?

அன்று மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முடி வெட்டுகிற பெண், "சும்மாதானே இருக்கீங்க, வந்து படுங்கக்கா. இன்னிக்கு உங்களுக்கு நான் கழுவிவிடறேன்" என்றாள்.

"எனக்கு எதுக்குடி? வேற வேலை இல்லையா உனக்கு?" என்று எரிந்து விழுந்தாள். ஆனாலும் போய்ப் படுத்தாள்.

வெந்நீர் தலையில் இறங்கியது. "சூடு போதுமாக்கா?"

போதுமா என்று அவளை யாரும் கேட்டு வெகு நாளாயிற்று. கண் பொங்கி வழிந்தது.

"கண்ணுல ஷாம்பு பட்டுடுச்சாக்கா?"

"ஆமாடி."

ஷாம்பு பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லை.