நாலுன்னா ஓடவும் நேரமில்ல!

“இவ படிச்சு என்னா, யுத்தத்தையா நிப்பாட்டப் போறா?”

நான் கேம்பஸுக்குப் பெட்டி கட்டிய அன்று பெரியப்பா கேட்டது. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததில்லையே!

போன ஞாயிறு, கண்டி கேம்பஸிலிருந்து மலையிலுள்ள எங்கள் ஊர் ஹேவாஹெட்டவுக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில், மண் சரிந்தால் தூக்கிக்கொண்டு ஓட அம்மா கட்டிவைக்கும் மண்சரிவுப் பை தயாராக இருந்தது. டோர்ச், பிஸ்கட், அடையாள அட்டை... வானத்திலோ பொட்டு மேகம் இல்லை.

“மழையே இல்லயேம்மா?”

“மழை இல்லடி, யுத்தம்!”

அண்ணன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். பெரியப்பா தன் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தி: ‘வளைகுடாவில் அமெரிக்க இராணுவத்தின் தயார்நிலை மூன்றிலிருந்து நான்குக்கு மாறியது!’

“நம்ம மலைக்கே மூனுதான் கடைசி. மூனுன்னா வீட்ட விட்டு ஓடணும். நாலுன்னா? ஓடவும் நேரமில்ல!”

அவரைக் குறை சொல்ல முடியுமா? மண்சரிவு எச்சரிக்கையில் ஒன்று மஞ்சள், இரண்டு செம்மஞ்சள், மூன்று சிவப்பு. மலையில் பிறந்தவர்களுக்கு எண் ஏறினால் ஆபத்து.

ஆனால் அந்த இராணுவக் கணக்கு தலைகீழ். ஐந்து என்றால் அமைதி, ஒன்று என்றால் யுத்தம். மூன்றிலிருந்து நான்கு என்றால் — பதற்றம் தணிகிறது என்று விளக்கினேன்!

“ஐயோ! அவன வேலய விட்டுட்டு வரச் சொல்லிட்டேனே!” என்றார் அம்மா.

உடனே அண்ணனுக்கு அழைத்தேன். ராஜினாமாக் கடிதத்தோடு மேனேஜர் அறை வாசலில் நிற்கிறானாம்.

“அண்ணா, உள்ள போயிராத!”

விஷயத்தைச் சொன்னேன். அந்தச் செய்தி உண்மையா என்பதே சந்தேகம், உண்மையானாலும் அது நல்ல செய்திதான் என்றேன்.

“அதானே! இங்க எல்லாரும் டீ குடிச்சிக்கிட்டு இருக்காங்க. நான் மட்டும்தான் யுத்தத்துல நிக்கிறேன்!”

கடிதம் கிழிகிற சத்தம் போனில் கேட்டது. அம்மா பையைத் திறந்து, பிஸ்கட்டை எடுத்து எங்களுக்கே கொடுத்தார்.

பெரியப்பா மட்டும் விடவில்லை. “அப்ப ஒன்னுதான் ஆக மோசமா? ஸ்கூல்ல ஒன்னாம் புள்ளன்னு நீ அந்த ஆட்டம் ஆடினியே!”

சிரித்தேன். ஆனால் நான் பெட்டி கட்டிய அன்று அவர் கேட்ட கேள்வியை மறக்கவில்லை. முதுகலைக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பாடம் — மோதல் தீர்வு!