தண்ணீரில் தெரிந்த கோடு

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஐஸ் பெட்டியோடு போளூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். "அக்கா போய்ட்டாங்க" என்று அவர் தம்பி ஃபோனில் அழுதார். பெட்டிக்குள் சோதனைக்கென்று அக்கா கேட்டிருந்த மீன்சதை இருந்தது. ஐஸ் கரைவதற்குள் அதை எங்கள் ஆய்வகத்தில் வைத்துவிட்டுத்தான் அவர் ஊரான கண்ணமங்கலத்துக்குச் சாவுக்குப் போனேன். அவரோடு வேலை பார்த்த உங்கள் யாருக்கும் இதில் கோபம் வராது.

ஜவ்வாது மலையில் கோவிந்தன் என்பவரின் குட்டையில் கட்லா மீன்களுக்கு டி.என்.ஏ. தடுப்பூசி போட்டிருந்தோம். ஊசியில் போன டி.என்.ஏ. மீன்சதையில் எவ்வளவு காலம் தங்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அது போகும்வரை மீனைச் சாப்பிடக் கூடாது என்று பேச்சு. "இன்னாங்க டாக்டரம்மா, எம் பொண்ணு மறுவூட்டு விருந்துக்காவது துன்னலாமா?" என்று கோவிந்தன் கேட்டுக்கொண்டே இருப்பார். "அதுக்குள்ள நானே சொல்றேங்க" என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார்.

சோதனையில் டி.என்.ஏ. இருந்தால் திரையில் வெள்ளைக் கோடு தெரியும். ஒருமுறை எல்லா மீனிலும் கோடு. இத்தனை காலம் தங்குகிறதே என்று நான் துள்ளினேன். அக்கா எப்போதும் சொல்வதையே சொன்னார்: "மொதல்ல தண்ணியப் பாரு தம்பி." மீனோடு சேர்த்து, டி.என்.ஏ. ஏதும் இல்லாத சுத்தமான வெறும் தண்ணீரையும் சோதிப்பது எங்கள் வழக்கம்; அதில் கோடு தெரியவே கூடாது. அதிலும் கோடு இருந்தது. "மீன்ல இருக்கோ இல்லியோ, நம்மகிட்ட இருக்கு" என்றார். மேசைகளைக் கழுவினோம், வெள்ளை அங்கிகளைத் தூக்கிப் போட்டோம். எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியவில்லை. அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. மலைக்கு நேரில் போய், "தப்பு எங்களுதுங்க, மறுபடி பாக்கணும்" என்று கோவிந்தனிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த மறுசோதனைக்கான சதைதான் என் பெட்டியில் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்தேன். ஏ.சி. குளிருக்கு அக்கா எப்போதும் போட்டிருக்கும் பழுப்பு ஸ்வெட்டர் அவர் நாற்காலியில் கிடந்தது. மனம் கேட்காமல் அதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். தண்ணீரில் மறுபடியும் கோடு. அக்கா அறைக்குள் இருக்கிறார் என்றே தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. ஸ்வெட்டரின் கையைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தேன். பளிச்சென்று கோடு. தடுப்பூசி மருந்தை எடுக்கும்போது எப்போதோ அதில் பட்டிருக்க வேண்டும். அக்கா தேடித் தேடிச் சலித்தது அவர் உடம்பிலேயே இருந்திருக்கிறது. ஓடிப்போய்ச் சொல்ல அவர் இல்லை.

ஸ்வெட்டரை அப்புறப்படுத்தி, எல்லாவற்றையும் கழுவி, மறுபடி செய்தேன். தண்ணீர் சுத்தம். மீனிலும் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் அவ்வளவு காத்திருந்த அந்த வெறுந்திரையைப் பார்த்து அழுதேன்.

கோவிந்தனை ஃபோனில் கூப்பிட்டு, சாப்பிடலாம் என்றேன்.

"டாக்டரம்மா சொன்னாங்களா?" என்றார்.

அக்கா இறந்ததை நான் அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாங்க, அம்மாதான் சொன்னாங்க" என்றேன். விருந்து முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்வெட்டரை எரித்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பாலிதீன் பையில் கட்டி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அதில் அந்த டி.என்.ஏ. எவ்வளவு காலம் தங்கும் என்று நான் பார்க்கப் போவதில்லை.