குதிரையின் எட்டாவது கால்

நான் நகராட்சி வண்டி டிரைவர். என் வண்டியில் வருபவர் பெயின்டர். பெயின்டர் என்றதும் ஓவியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் எவனாவது சுவரில் கிறுக்கினால் அதை அழிப்பதுதான் அவர் உத்தியோகம். அலுவலகம் அதற்குக் கொடுப்பது ஒரே நிறம், சாம்பல். அதனால் அவருக்குச் சாம்பல் அண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காதலர் பெயர், கெட்ட வார்த்தை, அம்பு குத்திய இதயம் எல்லாமே அவருடைய ரோலருக்கு ஒன்றுதான். "முப்பது வருஷத்துல எத்தனை காதலைப் பிரிச்சிருப்பீங்க அண்ணே?" என்று சீண்டுவேன். "ஒண்ணுகூட இல்லப்பா. மறுநாளே பக்கத்துச் சுவத்துக்குக் குடிபோயிடும்" என்பார்.

போன வருஷம் ஊருக்குத் திடீரென்று அழகின்மேல் ஆசை வந்தது. வெளியூர் ஓவியர்களை வரவழைத்தார்கள். நூலகச் சுவர் முழுக்க ஒரு மீன் வந்தது. அதன் வயிற்றுக்குள் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள். பஸ் நிலையப் படிக்கட்டில் படிக்கொரு துண்டாக ஒரு பறவை; கீழே நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். சாயங்காலமானால் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் சுவர் பார்க்கக் கிளம்பினார்கள். ஏதோ இவர்களே வரைந்த மாதிரி ஒரு பெருமை வேறு.

அண்ணனும் மாறினார். "வண்டியக் கொஞ்சம் மெதுவா விடு" என்று ஆரம்பித்தவர், பிறகு மீனுக்கு எதிரே நிறுத்தச் சொல்லி, அங்கேயே சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஆரம்பித்தார். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில், "இவங்க எல்லாம் சின்ன வயசுல போட்ட படத்த வீட்ல யாரும் அழிக்கல போல" என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை தபால் நிலையத்தின் பின்பக்கம் போனால், இரண்டு மாடிச் சுவர் முழுக்க ஒரே கிறுக்கல். எழுத்து, எண், வட்டம், பெருக்கல் குறி, கோணல் கோடு. பைத்தியம் பிடித்தவன்கூட அவ்வளவு கிறுக்கமாட்டான். எங்களுக்கு வந்த வேலைத்தாளில் அந்தச் சுவர் இல்லை. "எப்படியும் நாளைக்கு நம்ம தலையிலதான் கட்டுவாங்க, இன்னிக்கே முடிச்சிடுவோம்" என்று சொன்ன மகராசன் நான்தான். ஏணி போட்டுப் பதினொரு மணிக்குள் சுவரைத் துடைத்து வைத்த மாதிரி ஆக்கிவிட்டார் அண்ணன்.

பெயின்ட் டப்பாக்களோடு வந்து இறங்கிய ஓவியப் பெண் சுவரைப் பார்த்தாள். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், அது கிறுக்கல் இல்ல. அதுதான் எனக்கு அளவு."

பெரிய சுவரில் படம் போடுகிறவர்கள் முதலில் அப்படித்தான் கிறுக்குவார்களாம். அதை போட்டோ எடுத்து, போனில் அதன்மேல் தங்கள் படத்தை வைத்துப் பார்ப்பார்கள். இந்த வட்டத்தின் பக்கத்தில் கண், அந்தக் கோட்டின் மேல் கை என்று இடம் கண்டுபிடிப்பார்கள். ரெண்டு நாள் வேலையை நாங்கள் ரெண்டு மணி நேரத்தில் காலி செய்திருந்தோம்.

அண்ணன் கையில் ரோலர் சொட்டிக்கொண்டிருந்தது. "மன்னிச்சிடும்மா. கை பழகிப்போச்சு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, சிரித்துவிட்டாள். "அப்ப நாளைக்கு வந்து நீங்களே கிறுக்கிக் குடுங்க. என்ன வேணா போடுங்க. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மறுநாள் ஏணியில் ஏறி நான் மூன்று வட்டமும், வண்டி நம்பரும், துணிச்சலாக என் மாமியார் முகமும் போட்டேன். முப்பது வருஷம் பிரஷ் பிடித்த மனுஷன் மட்டும் ஒரு கோடு இழுக்க வராமல் நின்றார். கடைசியில் வலது கீழ் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக என்னவோ வரைந்தார். நீள உடம்பு, ஏழு கால்.

"என்னண்ணே இது, பூரானா?"

"குதிரை. எம்பொண்ணு போட்டது."

மகளுக்கு அப்போது ஒன்பது வயதாம். சமையலறைச் சுவரில் மெழுகுப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். ஓடுகிற குதிரை என்பதால் அத்தனை கால். "அன்னிக்குப் பதினொரு சுவர் அடிச்சிட்டு, மேஸ்திரிகிட்ட திட்டும் வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாவதா அதையும் அடிச்சிட்டேன். அவ அழல. அதுக்கப்புறம் எதுவும் வரையல." அவள் இப்போது தூரத்தில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத்தான் போன். "அப்பா சாப்பிட்டாரா?" என்பதோடு இவர் பங்கு முடிந்துவிடும்.

நான் குதிரையை போட்டோ எடுத்து, பெரிய படம் வந்து இதை மூடிவிடும் என்ற விவரத்தையும் சேர்த்து, அவர் போனிலிருந்தே மகளுக்கு அனுப்பவைத்தேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

படம் மேலிருந்து வளர்ந்து வந்தது. ஆற்றங்கரையில் துணி உலர்த்தும் ஒரு பெண். நாளுக்கு நாள் ஆறு கீழே இறங்கியது. அண்ணன் ஒவ்வொரு வேலையையும் அவசரமாக முடித்து அங்கேயே வந்து நின்றார். போனைச் சட்டைப் பையில் போடவே மாட்டார், கையிலேயே வைத்திருப்பார். எனக்கு அந்த மகள்மேல் கோபம்கூட வந்தது. சனிக்கிழமை, குதிரை நின்ற மூலை மட்டும்தான் பாக்கி.

"அப்படியே விட்டுடட்டுமா சார்?" என்று கேட்டாள் ஓவியப் பெண்.

"வேணாம்மா. யாராவது அதிகாரி பாத்தா, என்னைத்தான் அழிக்கச் சொல்லுவார்."

அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார், எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, குதிரைக்கு எட்டுக் கால். ஒண்ண விட்டுட்டீங்க."

அவர் குதிரைப் பக்கம் குனிந்தார். "எங்கம்மா விட்டேன்?"

"முன்னாடி. தூக்கினாப்ல இருக்கும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓவியப் பெண்ணின் பிரஷை வாங்கி, முட்டி போட்டு அந்தக் காலையும் வரைந்தார். கால் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. "போட்டுட்டேன்மா. எப்ப வர்றே? வந்து பாக்கிறியா?"

"லீவு கிடைக்கணும்பா. அதுக்குள்ள மூடிடுவாங்கல்ல?"

"இன்னிக்கே மூடிடுவாங்க."



"சரி. ஆனா நீங்க மூடாதீங்கப்பா. அவங்களே மூடட்டும்."

அண்ணன் எழுந்து, கையிலிருந்த பிரஷை ஓவியப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார்.