எந்தப் பாடு?

காலேஜில் புதுப் பையன்களுக்கு வரவேற்பு விழா நடத்துகிற குழுவில் என்னைச் சேர்த்தபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் வெட்கக்கேடு. எண்பதுகளின் தொடக்கம். நான் இரண்டாம் வருஷம். எங்கள் குப்பத்திலிருந்து தோணியில் ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறிப் போகிற ஒரு காலேஜ். பேரை விடுங்கள், காலேஜ் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் என் வாய் மேல்தான்.

அந்த வாய்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் சேர்ந்த புதிதில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என் ஊரைக் கேட்டான். ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பம் என்றேன். மறுநாள் அவன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, சும்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து சோப்பை இரண்டு தரம் போட்டுக் குளித்தேன். யார் கேட்டாலும் ‘பழவேற்காடு டவுன், நைனா வியாபாரம்’ என்று சொல்ல ஆரம்பித்தேன். நைனா செய்த வியாபாரமெல்லாம் இறால் பிடித்து ஏஜெண்டிடம் கொடுத்ததுதான். நல்ல வேளையாக எனக்கு மைக்கில் பேச வந்தது, கிண்டல் வந்தது. நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டால் நம் ஊர் எது என்று ஐந்தாவது ஆள் கேட்க மாட்டான்.

அந்த வருஷம் பிரின்ஸிபால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ராகிங் கீகிங் என்று எதுவும் காதில் விழக்கூடாது, ஹாலில் வைத்து மரியாதையாக வரவேற்க வேண்டும். என்ன செய்யலாம் என்று குழுவில் எல்லோரும் முழித்தபோது யோசனை சொன்னவன் நான்தான். ஒரு பானையில் சீட்டு எழுதிப் போடுவோம், புதுப் பையன் மேடைக்கு வந்து ஒரு சீட்டு எடுக்கட்டும், அதில் எழுதியிருப்பதைச் செய்துவிட்டு இறங்கட்டும். “கில்லாடிடா நீ” என்று முதுகில் தட்டினார்கள். சீட்டு எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. ஆடு, பாடு, நடி, கதை சொல்லு என்று எழுதி எழுதி நாலாக மடித்துப் பானையை நிரப்பினேன்.

அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவனிடமும் சொல்லவில்லை. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்துக்குப் பாடு என்று பேர். யாருக்கு எந்தப் பாடு என்பதைக் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். குளித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் சீட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டில்தான் வீட்டு அடுப்பு எரிவதே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று எட்டாவது படிக்கும்போதிலிருந்து அந்தச் சீட்டுகளை எழுதியவன் நான். வடக்கப் பாடு, ஓடைப் பாடு என்று என் கையெழுத்தைத்தான் ஊரே பிரித்துப் பார்க்கும்.

அந்த வருஷம் எங்கள் குப்பத்திலிருந்து இன்னொருவனும் அதே காலேஜில் சேர்ந்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவன். என்னை அண்ணா என்பான், அவன் அம்மா எனக்குச் சின்னம்மா. அவன் அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏரிப் பாடுகளில் அவருக்கு இருந்த பங்கை, மகன் தலையெடுக்கட்டும் என்று ஊர் அவன் பேரிலேயே வைத்திருந்தது. பையன் பெரிய படிப்புக்குப் போகிறான் என்றதும் ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“வலைக்கு வர்றியா, படிக்கப் போறியா? ரெண்டும் ஒண்ணா கெடையாது. பேரு ஏத்தச் சொல்லி எத்தினி பேரு காத்துக்கினு கீறான் தெரியுமா?”

“படிக்கிறேன்” என்றான்.

பாடு லிஸ்டில் அவன் பேரை அடித்துவிட்டார்கள். பங்கு வேறொருவனுக்குப் போனது. லிஸ்டில் பேர் இல்லாதவன் எங்கள் ஊரில் காலம் பூராவும் அடுத்தவன் தோணியில் கூலிக்குத்தான் போக வேண்டும். ஆக, அவனுக்கும் கருவாடு விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மாவுக்கும் இனி அந்தப் படிப்பு ஒன்றுதான் கதி. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

காலேஜுக்குப் போன முதல் நாள் தோணியில் அவனிடம் சொல்லி வைத்தேன்.

“தோ பாரு, அங்க என்னைத் தெரிஞ்ச மாரி காட்டிக்காதே. நான் டவுனுன்னு சொல்லி வெச்சிகீறேன். யாராச்சும் கேட்டா தெரியாதுன்னுடு. இன்னா?”

“சரிண்ணா” என்றான். ஏன் என்று கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

விழா அன்று ஹால் நிறைந்து ஜன்னலிலெல்லாம் ஆட்கள் தொங்கினார்கள். மைக் என் கையில். ஒருவன் பாடினான், ஒருவன் பஸ் கண்டக்டர் மாதிரி நடித்துக் காட்டினான், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்து எங்கள் குப்பத்துப் பையனைக் கூப்பிட்டோம். பானைக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினான். ஹாலில் ஒரு சலசலப்பு. இரண்டு கையையும் பானைக்குள் விட்டு ஒரு சீட்டை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரித்துப் படித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, பக்கத்தில் மைக் இருப்பதையே மறந்து கேட்டான்.

“எந்தப் பாடு? வடக்கயா, ஓடையா?”

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒருவன் கெக்கெக்கே என்று ஆரம்பிக்க, ஹால் முழுக்கச் சிரிப்பு.

புரிந்தவன் நான் ஒருவன்தான். பயந்து போயிருந்தவனுக்கு முன்னால் பானை, நாலாக மடித்த சீட்டு, பிரித்தால் என் கையெழுத்து, அதில் பாடு என்ற வார்த்தை. எங்கள் ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் அப்படித்தான் கேட்டிருப்பான். நானே கேட்டிருப்பேன். பாடு என்றால் எங்கள் ஊரில் மீன் பிடிக்கிற இடம் என்று மைக்கில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், சிரித்தவர்களே கை தட்டியிருப்பார்கள். ஆனால் ‘எங்கள் ஊரில்’ என்று சொல்ல வேண்டுமே!

“தம்பி தண்ணியிலேருந்து இப்பதான் கரையேறி வந்திருக்காரு. காது அடைச்சிருக்கு, மன்னிச்சிடுங்க” என்றேன்.

ஹால் அதிர்ந்தது. அதற்குள் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாடுவதற்கு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூடினான், மறுபடி திறந்தான்.

“மீனு வாயைத் தொறக்கும், பாடாது” என்றேன்.

அன்றைக்குக் கிடைத்த மாதிரி சிரிப்பு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பாவி, நானும் சேர்ந்து சிரித்தேன். குழுவில் இருந்த ஒருவன் பக்கத்தில் வந்து, “மச்சி, உங்க பழவேற்காட்டுப் பக்கம்தானே? தெரிஞ்சவனா?” என்று கேட்டான். அது மைக்கில் விழுந்துவிட்டது. நான் பதில் தேடுவதற்குள் எங்கள் குப்பத்துப் பையனே முந்திக்கொண்டு சொன்னான்.

“தெரியாதுங்க. நான் குப்பம். அவரு டவுனு.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் போனான்.

மறுநாளிலிருந்து பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வராந்தாவில் நடந்தால் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் எழுந்து நின்றால் பின் பெஞ்சு பூராவும் வாய் திறக்கும். ஓசையே இல்லாத கேலி, எந்த வாத்தியார் வந்து என்னத்தைத் தட்டிக் கேட்பார்? அடித்திருந்தாலாவது பிரின்ஸிபாலிடம் போயிருக்கலாம். ஆரம்பித்து வைத்தவன் நான், நான் போதும்டா என்றால் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. தோணியில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் போவோம். “ரெண்டு நாள்ல மறந்துடுவானுங்க, நீ கண்டுக்காதே” என்று ஒரு தடவை சொன்னேன். “ம்” என்றான். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

ஒரு மாசம் தாங்கினான். ஒரு திங்கட்கிழமை காலை தோணித் துறைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

அவன் அம்மா பெரியவர்களிடம் போய் அழுதிருக்கிறாள், பேரைத் திருப்பிச் சேருங்கள் என்று. அவர்கள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர்கள் கிடையாது. காலேஜில் எவனாவது வம்பு செய்து துரத்தியிருந்தால் பையன் மேல் தப்பில்லை, பேரை ஏற்றிக்கொள்ளலாம். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டு வந்திருந்தால் முடியாது. இதுதான் அவர்கள் சொன்னது. அவனோ என்ன கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. அதே காலேஜில் படிக்கிறவன் ஊரில் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை காலையில் வந்து சொல் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்னாலேயே சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“கண்ணு, நீ சொன்னா எடுபடும். அங்க இன்னா நடந்துச்சோ அத்த மட்டும் சொல்லு. அவன் பேரு ஏறிட்சின்னா எனக்குப் போதும்.”

“சொல்றேன் சின்னம்மா” என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

கோயில் முன்னால் மணலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்களோடு என் நைனாவும் இருந்தார். மகன் காலேஜில் மைக் பிடித்துப் பேசுகிறான் என்று மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போன மனுஷன். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், அங்கே நான் எந்த ஊர் என்று சொன்னேன், அவரை என்னவென்று சொன்னேன் என்பதெல்லாம் அவர் முன்னாலேயே வெளியே வரும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“காலேஜ்ல எவனாச்சும் இவன எதுனா பண்ணானா?” என்று கேட்டார் பெரியவர்.

“ஒண்ணியும் பண்ணல. அவனுக்குப் படிப்பு ஏறல” என்றேன்.

சின்னம்மா என் முகத்தையே பார்த்தாள். பெரியவர் அவன் பக்கம் திரும்பினார்.

“இன்னாப்பா, மெய்தானா?”

அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட மாட்டானா என்று ஒரு பக்கம் எனக்கே இருந்தது.

“ஆமா” என்றான். “அண்ணன் சொல்றதுதான் மெய்யி.”

அத்துடன் பேச்சு முடிந்தது, எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த வாரமே அவன் அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போனான். நான் டிகிரி முடித்தேன், மெட்ராஸில் வேலைக்குப் போனேன். அவன் பேர் லிஸ்டில் ஏறவே இல்லை.