தண்ணீருக்குப் பழக்கிய மீன்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். யார் மேலும் வரும், எதற்கும் வரும். ஆனால் என்மேல் எனக்கே வந்து, இன்னும் ஆறாமல் கிடக்கிற கோபம் ஒன்றுதான். அது மீன் வளர்த்த விஷயத்தில் வந்தது. தோல் பதனிடும் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவனுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே படியுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மேல்விஷாரத்திலிருந்து ஆற்காடு போகிற வழியில், பாலாற்றை ஒட்டி இருந்தது எங்கள் கிடங்கு. ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டிகளெல்லாம் என் பொறுப்பு. முதலாளி உருது பேசுகிற சாயபு. குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். ஒருமுறை சரக்கு அனுப்பப் பட்டணம் போனவர், அங்கே கடற்கரையில் மீன்களைக் கண்ணாடிக்குள் விட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து, தண்ணீர் கசியாமல் இடுக்கில் மக்கு பூசி, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு தொட்டி செய்வித்தார். தன் அறையில் கிழக்கு ஜன்னலோரம் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரங்கீன் மீனு வேணும் மேஸ்திரி. நம்ம பக்கத்துல கெடைக்குமா?"

வண்ண மீன்தானே, கிடைக்கும் என்றேன். பட்டை வாங்க வண்டியோடு அலைகிறவன் நான். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு நிற்கும்போதெல்லாம் மதகடியில் பார்த்திருக்கிறேன். விரல் நீளம்கூட இருக்காது. வெயில் சாய்வாக விழுந்தால் பக்கவாட்டில் பச்சை, நீலம், கொஞ்சம் சிவப்பு என்று வானவில்லைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் பொடிமீன் என்று ஒரே பெயரில் சொல்லிக் குழம்பில் போட்டுவிடுவார்கள். அவற்றோடு தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு ஜாதியையும், அடியிலேயே மண்ணை மோந்துகொண்டு திரிகிற அயிரையையும் பானையில் பிடித்து வந்தேன். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டோம். முதலாளி நாற்காலியைத் தொட்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன.

"பேஜாராப் போச்சே மேஸ்திரி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை. எனக்கு மூக்கு அறுபட்ட மாதிரி இருந்தது. அடுத்த நாள் முழுக்கத் தொட்டிகளின் ஓரமாக நடந்துகொண்டே யோசித்தேன். என் வேலையிலேயே வழி கிடந்தது.

சுண்ணாம்பு கழித்த தோலை எடுத்ததும் புதுப் பட்டைத் தண்ணீரில் போடமாட்டோம். போட்டால் மேல்தோல் முறுக்கிக்கொள்ளும், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். முதலில் சாரம் இறங்கிப்போன பழைய தண்ணீரில் விடுவோம். பிறகு கொஞ்சம் காரமானதில். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில்தான் கடுந்தண்ணீர். இதற்குக் கிடங்கில் 'பழக்குறது' என்று பெயர். தோல் பழகிவிட்டால் எந்தத் தண்ணீரையும் தாங்கும்.

அடுத்த நடையில் மீனோடு இரண்டு பீப்பாய் ஏரித் தண்ணீரும் கொண்டுவந்தேன். தொட்டியில் முழுக்க ஏரித் தண்ணீர். தினமும் காலையில் ஒரு சொம்பு எடுத்துக் கொட்டிவிட்டு, ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாள் கழித்து இரண்டு சொம்பு, பிறகு நாலு, எட்டு. மீன்கள் சோர்ந்தால் ஒரு நாள் நிறுத்துவேன். அடுத்த அமாவாசை வருவதற்குள் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர்தான் இருந்தது. ஒரு மீன்கூடச் சாகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொசுப்புழு பிடித்துப் போட்டேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டேன். ஆற்று மணலைக் கழுவிப் பரப்பி, வேலம்பாசி நட்டேன். காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது பொடிமீன் கூட்டம் ஒன்றாகத் திரும்பும். அறைச் சுவரிலேயே நிறம் தெறிக்கும். தோல் பார்க்க வருகிற வெள்ளைக்காரத் தரகன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பான். இதெல்லாம் எங்கள் மேஸ்திரியின் கைவேலை என்பார் முதலாளி. பட்டைத் தொட்டியில் இருபது வருஷம் கை கறுத்தவனை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கிடங்கின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. சுவருக்கும் தெருவுக்கும் நடுவில் கிணறு. தொட்டிக்கு நான் மொண்டதும் அந்தக் கிணற்றில்தான். அக்காவுக்குப் புருஷன் இல்லை, ஒரே மகள். என் மனைவி போன பிறகு எனக்கும் அவள் வீட்டில்தான் சோறு. மீன்கள் செழித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் அக்கா பருப்பைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தாள். எவ்வளவு எரித்தாலும் துவரம்பருப்பு வேகவில்லையாம். தண்ணீர் வாயில் வைத்தால் ஒரு மாதிரி கரிக்கிறதாம். கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான், இவள் தண்ணீரைக் குறை சொல்கிறாள் என்று கேலி செய்தேன். பல்லில் பருப்பு நெறுநெறுவென்று அரைபடும்போதும் கேலி செய்தேன்.

காரணம் தெரியாதது இல்லை. வடக்கேயிருந்து ரயிலில் வருகிற தோலுக்கு உப்புப் போட்டு அனுப்புவார்கள். அதை ஊறல் தொட்டியில் போட்டு உப்பை இறக்குவோம். இறங்கின தண்ணீர் பின்சுவரோரம் மண்ணில் சுவறும். அதற்கு அடுத்தாற்போல் கிணறு. இப்போது முதலாளி அதே பக்கத்தில் இன்னும் நான்கு ஊறல் தொட்டி வெட்டப்போவதாகத் தெருவில் தெரிந்துவிட்டது. வெட்டினால் கிணறு போய்விடும் என்றாள் அக்கா. தெருவுக்கு வேறு கிணறு கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அதிகாரிக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள்.

"மொதலாளி உப்பத் தின்னுட்டு அவரு மேலயே எழுதச் சொல்றியா?" என்று கத்தினேன்.

அவள் ஆற்காட்டுக்கு நடந்துபோய் ஒரு வாத்தியாரிடம் எழுதி வாங்கினாள். முதல் கைநாட்டு அவளுடையது.

வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காலை பத்து மணி இருக்கும். அவர் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு ஊறல் தொட்டிகளைப் பார்த்தார், நாற்றம் தாங்காமல் முதலாளியின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். தெருவின் சார்பில் அக்காவும் இரண்டு கிழவர்களும் வாசலில் நின்றார்கள். அக்கா கையில் துணி மூடிய ஒரு பித்தளைப் பாத்திரம். விடியலிலிருந்து வேகவைத்த பருப்பு. அதிகாரியே கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கட்டும் என்று கொண்டுவந்திருந்தாள்.

அதிகாரியின் கண் மீன்தொட்டியில் விழுந்துவிட்டது. நல்ல வெயில் நேரம். வேண்டுமென்றே செய்த மாதிரி அத்தனை மீனும் மேலே வந்து மின்னின. இது எந்தத் தண்ணீர் என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். அவர் கபடமாகப் பார்க்கவில்லை, இதை இன்றும் சொல்வேன். முதல் நாள் மீன்கள் வழி அலுப்பில் செத்தன என்றே நினைத்திருந்தவர், அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்கிறதென்றால் தண்ணீர் நல்லதுதான் என்று மனதார நம்பினார்.

"நீயே சொல்லு மேஸ்திரி. நான் சொன்னா எனக்காகப் பேசுறேன்னு ஆயிடும். மீனு சாவுற தண்ணின்னா தொட்டியே வெட்டல நான்."

"அந்தக் கெணத்துத் தண்ணிதாங்க" என்றேன்.

வேறு தண்ணீர் கலக்கிறாயா என்று அதிகாரி கேட்டார்.

"இப்போ கலக்கறதில்லீங்க."

அந்த 'இப்போ'வை யாரும் கவனிக்கவில்லை. அக்கா கவனித்திருக்கலாம், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் செத்த மீன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒரு மாதம் சொம்பு சொம்பாக ஏமாற்றித்தான் இவற்றை இந்தத் தண்ணீரில் நிறுத்தினேன் என்று சொல்லியிருந்தால் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். முதலாளி என்னை அனுப்பியிருக்க மாட்டார். என் மீன்களை, என் கைவேலையை, நாலு பேர் நடுவில் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

மனுவில் எழுதியிருந்த பருப்பைவிட மீன் மென்மையான ஜீவன் என்று சொல்லி அதிகாரி சிரித்தார். தண்ணீரில் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அக்கா பாத்திரத்தின் துணியைக்கூட எடுக்காமல் திரும்பிப் போனாள். மத்தியானம் அந்தப் பருப்பையே எனக்குப் போட்டாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு தின்று முடித்தேன்.

நான்கு தொட்டிகளும் வெட்டப்பட்டன. தெருவில் சில நாள் முணுமுணுப்பு இருந்தது. பிறகு பருப்பில் ஆப்ப சோடா போடக் கற்றுக்கொண்டார்கள். அக்கா மகளுக்குக் காவேரிப்பாக்கத்திலேயே ஒரு இடம் அமைந்தது. பட்டை வாங்கப் போன பழக்கத்தில் நான்தான் பேசி முடித்தேன். மீன்கள் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தன. அடுத்த கோடையில் பொடிமீன் நிறம் மங்கியது. செதில் ஓரத்தில் பஞ்சு மாதிரி ஏதோ படர்ந்தது. தினம் காலையில் முதலாளி வருவதற்கு முன்னால் செத்ததை எடுத்துப் பட்டைக் குப்பையில் புதைத்துவிட்டு, ஏரியிலிருந்து புதிதாகப் பிடித்துவந்து மறுபடியும் பழக்கினேன். இந்தமுறை பழகவில்லை. எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் முக்கால் தொட்டி வரும்போது செத்தன. நான்காவது தடவைக்குப் பிறகு முதலாளிக்கும் ஆசை போய்விட்டது. தொட்டியைக் காலிசெய்து அதில் கடுக்காய் கொட்டி வைத்தோம்.

அப்போதாவது நான் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்க ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா மகளை அவள் மாமியார் கல்யாணத்துக்குப் பிறகு அனுப்பவே இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் தலைப்பிரசவத்துக்குத்தான் அனுப்பினாள். வண்டியிலிருந்து இறங்கியவள் வியர்த்து வடிந்துகொண்டு வந்து, மூலையிலிருந்த பானையில் ஒரு சொம்பு மொண்டு வாயில் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"இன்னாம்மா இது? தண்ணில உப்ப அள்ளிப் போட்டு வெச்சிருக்கிற?"

அக்கா சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். நாக்கைச் சப்பிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எப்பவும் குடிக்கிற தண்ணிதானடி. நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சொம்பை என்னிடம் நீட்டினாள். "நீ பாருடா."

குடித்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. வாசலில் அந்தப் பெண் இன்னும் துப்பிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே, நின்றபடியே, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் செத்தவை, ஏரித் தண்ணீர் பீப்பாய், தினம் ஒரு சொம்பு, அதிகாரி, 'இப்போ'. நான் முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த மீனுங்க இன்னா ஆச்சு?"

"செத்துப்போச்சுக்கா. ஒண்ணுகூட மிஞ்சல."

அவள் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு பானையைக் கவிழ்த்துவிட்டு, குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். நான் இன்னொரு குடத்தோடு பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கிடங்குகளெல்லாம் தாண்டி, வெகுதூரம் மேற்கே போய், ஆற்று மணலில் உட்கார்ந்து கையாலேயே ஊற்று தோண்டினாள். நானும் எதிரில் உட்கார்ந்து தோண்டினேன். கலங்கல் தெளிந்து தண்ணீர் ஊறியதும், அக்கா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடா இது, சப்புனு இருக்குது" என்றாள்.

அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் அவளும் நானும் வளர்ந்தோம்.