குருத்தை இழுத்துப் பார்த்தவன்

பாண்டித்துரையின் வேலை ஒப்பந்தத்தில், தொழில் என்ற இடத்தில் 'உள்ளரங்கத் துப்புரவாளர், இலகுப் பணி' என்று இருக்கிறது. வளைகுடா ஊரான சோஹாருக்கு வந்ததிலிருந்து அவன் எந்த அரங்கத்துக்குள்ளும் வேலை பார்த்ததில்லை. கூட்டியது என்றால் கேம்ப்பில் தன் கட்டிலுக்கு அடியில் மட்டும், அதுவும் அபூர்வமாக. மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பேரீச்ச மரத்தின் மேல் இருப்பான். விசா எந்தப் பெயரில் கிடைக்கிறதோ அந்தப் பெயரில் விமானம் ஏறுவதுதான் முறை என்பதால் இதில் யாருக்கும் வியப்பில்லை. சமையற்காரராக வந்தவர் கம்பெனி லாரியை ஓட்டுகிறார். கேம்ப்பில் சமைப்பவர் கொத்தனார். சோற்றில் அது தெரியும்.

கம்பெனி விளம்பரத்தில் அவனுக்கு வேறு பெயர்: மர அறுவை நிபுணர். அதுவும் பாதிப் பொய். அறுவை என்றால் புண் ஆற வேண்டும். மாமரத்துக்கும் வேம்புக்கும் ஆறும். பனை இனத்துக்கு ஆறாது. வெட்டிய இடம் வெட்டியபடியே கிடக்கும். அழுகாமல் காய்ந்தால் மரம் பிழைத்தது, அவ்வளவுதான். அதைக் காய வைப்பதுதான் பாண்டித்துரையின் வித்தை.

சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டுக்குள் தின்னத் தொடங்கினால் பழுப்பு நீர் வடியும், புளித்த கள் வாடை அடிக்கும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ பொரி மெல்லுகிற மாதிரி இருக்கும். அந்த இடத்தை உளியால் திறந்து, புழுக்களைப் பொறுக்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, மருந்து வைத்து, களிமண் பூசி மூட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை பூச்சை உடைத்துப் பார்த்து, மறுபடி பூச வேண்டும்.

திறந்தவனேதான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒருவன் செதுக்கிய பொந்தை இன்னொருவன் பார்த்தால் பழைய அழுகல் எது, புதியது எது என்று தெரியாது. அப்படிக் கைமாறிய ஒரு மரம் ஒரு வீட்டு முற்றத்தில் சாய்ந்ததற்குப் பிறகு, பொந்து காயும்வரை திறந்தவனுக்கு லீவு கிடையாது என்று ஃபோர்மன் நாகலிங்கம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பாண்டித்துரைக்கு வியாழக்கிழமை விமானம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ராதிகாவோடு நிச்சயதார்த்தம். ஏற்கெனவே தள்ளிப்போன நிச்சயதார்த்தம் அது, தள்ளிப்போனதும் மரத்தால்தான். திங்கட்கிழமை காலை நாகலிங்கம் அவனை உம்மு ஹானி என்ற அம்மாளின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

"வேற ஆள அனுப்பலாம்லண்ணே?"

"வேற எவம்ல இருக்கான்? நீ ஏன் பதறுத? மேல பாரு, கிழிஞ்ச குடை கணக்கா தொங்குது. போன கேஸு. அறுத்து, துண்டு போட்டுப் புதைச்சா கலாஸ், வேல முடிஞ்சுது. வியாழக்கிழமை மாப்பிள்ள ஊர்ல."

அறுக்கிற மரத்துக்கு மறுபார்வை கிடையாது. பாண்டித்துரைக்கும் மரத்தைப் பார்க்கப் பார்க்க அது செத்திருக்கும் என்ற நம்பிக்கை வந்தது. உம்மு ஹானி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பாண்டித்துரைக்கும் பொதுமொழி உடைந்த இந்தி.

"பழம் சுமார்தான்" என்றார். "ஆனால் என் கார் நிற்கிற நிழல் இது ஒன்றுதான். பார்த்துச் செய்."

கயிற்றை மாட்டும்போது ஊரிலிருந்து ராதிகா போனில் அழைத்தாள்.

"டிக்கெட் கையில இருக்குல்ல? இந்தத் தடவையும் வரலன்னா எங்கப்பா வேற எடம் பாத்துருவாரு. வெளையாட்டுக்குச் சொல்லல."

"மரம் செத்துருந்தா வந்துருவேன்."

"அப்பச் சாகட்டும். காளியம்மனுக்கு வேண்டிக்கிறேன்."

"மரத்துக்கெல்லாம் வேண்டுவாங்களா?"

"மரத்தக் கட்டிக்கிட்டு அழுகுறவருக்கு வாக்கப்படப் போறேன், வேற என்னத்துக்கு வேண்ட?"

ஏறினான். கடலோரப் புழுக்கத்தில் பாதி மரம் ஏறுவதற்குள் சட்டை நனைந்த சாக்காகிவிட்டது. மட்டை வெட்டிய அடிக்கட்டைகளில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏறினான். உச்சியில் கொஞ்ச நேரம் சும்மா தொங்கினான்.

சோதனை எளிது. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். கையோடு வந்தால் உயிர் போய்விட்டது, அறுக்கலாம். வராவிட்டால் திறக்க வேண்டும். எவ்வளவு மெல்ல என்பது மட்டும் இழுப்பவனைப் பொறுத்தது.

பாண்டித்துரை இரண்டு விரலால் இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, வடம் இழுக்கிற மாதிரி இழுத்தான். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். கயிறு முதுகை அறுத்ததுதான் மிச்சம்.

"செத்துத் தொலையேன்!" என்று கத்தினான்.

"யா பாண்டி, மரத்தோடு சண்டையா?" என்று கீழிருந்து உம்மு ஹானியின் குரல் வந்தது.

இடுப்பில் கத்தி இருந்தது. ஒரு வெட்டு வெட்டி, குருத்தைக் கையில் பிடித்தபடி இறங்கினால் கேட்க ஆளில்லை. நாகலிங்கம் செத்த மரத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார். கீழே இருந்த அம்மாளுக்கோ செத்த குருத்துக்கும் வெட்டிய குருத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஏன் வெட்டவில்லை என்று பிறகு கேம்ப்பில் கேட்டவர்களுக்கு, "இழுத்தேன், வரல" என்பதைத் தவிர அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒருவேளை இன்னொரு முறை கையைத் தூக்கத் தெம்பில்லாமல் இருந்திருக்கலாம்.

இறங்கி, கார் நிழலில் உட்கார்ந்து ராதிகாவை அழைத்தான்.

"சாகல."

"எத்தன வாரம்?"

"காயுற வரைக்கும்."

"எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் அப்பாவை அழைத்தான். அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டான். அப்புறம் உளியை எடுத்து மரத்தைத் திறந்தான்.